ஒன்றுக்கு இருநூற்றைம்பது

ஐம்பது ரூபா ரிக்கற்.
மிச்சக் காசுக்கு ஒரு ரொபி தந்தார்கள்.
செருப்பைக் கழற்றச் சொன்னது
கோயிலென்று இல்லை, தூசுக்குப் பயந்து.

கஸ்தூரியார் வீதியில், நகைக்கடைக்கு மேல்மாடி.
ஆறு மேசைகளை நெருக்கிப் போட்டதில்
யாழ்ப்பாணப் பட்டினம் இடுப்பளவு உயரத்தில் கிடந்தது.

எமில்டா பல்லுக் கட்டுகிறவ.
கோட்டையின் ஐந்து முனையும் பல் அச்செடுக்கிற சாந்து.
வீதிகள் அரத்தாள்.
பண்ணைக் கடலுக்குப் பழைய எக்ஸ்ரே படங்களை
விரித்து ஒட்டியிருந்தா.
கரையில் குனிந்தால்
ஆழத்தில் யாருடையதோ கடைவாய்ப் பல்,
வேரோடு.

வந்தவர்களெல்லாம் தங்கள் வீட்டைத் தேடினார்கள்.
எனக்கு வேறு பழக்கம்.
பதின்மூன்று வருடம் மீற்றர் வாசிக்கிறவன்.
வீடுகளை முகத்தால் தெரியாது,
கணக்கிலக்கத்தால் தெரியும்,
நாயால் தெரியும்.
இது படலை இறுகிற வீடு.
இது, போன மாதம் குறைவென்று
இந்த மாதமும் சண்டைக்கு வருகிற வீடு.

"கம்பியளைக் காணேல்லையே" என்றேன்.
"என்ர தலைமயிரால இழுத்துக் கட்டினனான்.
பல்லி அறுத்துப் போட்டுது.
ரெண்டு தரம்."

எந்த ஆண்டுப் பட்டினம் என்று எங்கும் எழுதவில்லை.
கேட்டால், இரண்டு பேர் ஒத்துச் சொன்னால்
அதைக் கட்டுவாவாம். அவ்வளவுதான் சட்டம்.

கொய்யாத்தோட்டப் பக்கம், ஒழுங்கை முடிவில்
தீப்பெட்டி அளவுக்கு வெறும் பலகை தெரிந்தது.
ஒருவர் மாடிவீடு என்றாராம்.
ஒருவர் ஓட்டுவீடு.
இன்னொருவர், அது வீடே இல்லை, அச்சுக்கூடம்.
ஆகவே பலகை.

அப்போதுதான் கறண்ட் போனது.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் லீவு.

கைபேசிகள் எரிந்தன.
ஒரு பெடியன் வெளிச்சத்தைப் பதித்துப் பிடித்து
கிழக்கிருந்து மேற்கே கொண்டுபோனான்.
திரும்பவும். திரும்பவும்.
ஒரு நிமிடத்தில் மூன்று பகல்.
மணிக்கூட்டுக் கோபுரத்தின் நிழல்
முற்றவெளியைத் தாண்டிச் சுவரில் ஏறி
நின்றுபோன மின்விசிறியில் முறிந்தது.
கடலில் பற்கள் வெளித்தன.
அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்
பலகைத் துண்டு எனக்குப் பிடிபட்டது.

இணைப்புத் துண்டித்த இடம்.
ஆளுயரத்தில் ஒரு சுவர், இரண்டு படி,
சுவரில் மீற்றர்.
பட்டியலில் இருந்ததால் ஆறு வருடம் போய்
ஒரே இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்தேன்.
பிறகு யாரோ கழற்றிவிட்டார்கள்.

"வீடு தெரியாது. மீற்றர் தெரியும்.
வாசலுக்கு இடப்பக்கம்."

எமில்டா சாந்தில் ஒரு துணுக்கைச் சுரண்டினா,
கடுகில் பாதி.
சாமணத்தால் எடுத்துக் கிட்டக் கொண்டுபோகையில்
இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்:
"இல்லை. வலப்பக்கம்."

சாமணம் அந்தரத்தில் நின்றது.
ஒத்துவராது என்று
அதைத் திருப்பித் தட்டில் வைக்கப்போன எமில்டா
பிறகு கேட்டா:
"ரெண்டுபேரும் எங்க நிண்டு சொல்லுறியள்?"

"றோட்டில நிண்டு," என்றேன்.
நான் வேறெங்கு நிற்பது.

"கதவடியில," என்றது குரல்.
"வெளிய பாத்துக்கொண்டு."

துணுக்கு ஒட்டியது.
வீடில்லாத பலகையில்,
படியில்லை, கதவில்லை,
இடமும் வலமுமான ஒரே இடத்தில்
கடுகில் பாதி.

கறண்ட் வந்தது.
அந்த அம்மா குடையை மடக்கிக்கொண்டு நின்றா,
வெளியே மழையுமில்லை.
"கடைசியில எத்தினையில நிண்டது?"
"நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு."
இலக்கம் பாடம்.

"அவ்வளவுதானோ," என்றா.

படியடியில் செருப்புத் தேடினேன்.
ஒரேமாதிரி நாலு சோடி கிடந்தது.